காற்றில்லாத மாதத்தில் போட்ட கோடு

போன பங்குனியில் பூநகரிப் பக்கம் ஒரு தரவை வெளியில் நாலைந்து பெடியள் கயிறு பிடித்து நின்றார்கள். கோல்ஃப் விளையாட ஐந்து குழிகளுக்கு இடம் குறிக்கிறார்களாம். பார்த்தால் ஐந்தும் ஒரே கோட்டில். எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், இதே மாதத்தில், இதே மாதிரி நானும் கயிறு பிடித்தவன்.

மட்டையை எப்படிப் பிடிப்பது, கால் எப்படி வைப்பது என்பதெல்லாம் வீடியோக்களில் கொட்டிக் கிடக்கிறது. அதை விடுகிறேன். நம்முடைய வெளியில் இந்த ஆட்டத்தை நடத்துவது காற்றுத்தான். இங்கே நாம் விடுகிற பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பங்குனியில் கோடு போடுவது

காலபோக வெட்டு முடிந்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற மாதம் பங்குனி. வடகிழக்கு வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்குச் சோளகம் இன்னும் வந்திராது. ஓலைகூட அசையாது. அந்த அமைதியில் நிலத்தைப் பார்த்தால் எந்தப் பக்கமும் நல்ல பக்கமாகத்தான் தெரியும்.

வளைகுடாவில் கோல்ஃப் மைதானங்களில் புல் வளர்க்கும் வேலை செய்துவிட்டு வந்தவன் நான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தரவையின் நீளம் தென்மேற்கு நோக்கி இருந்தது. மூன்று குழிகள் போக, இரண்டு குழிகள் வர என்று அதே கோட்டில் போட்டேன். மூன்றாம் குழியின் கிரீனை, அதாவது குழி வாயைச் சுற்றிப் பந்தை உருட்டுகிற தளத்தை, மேட்டின் உச்சியில் வைத்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. புல்லுக்குத் தண்ணீர் இல்லை, அதனால் மணல் கிரீன். உழவு இயந்திரப் பெட்டியில் நாலு லோட் மணல் ஏற்றிக் கொட்டினோம்.

மாடு சாய்க்க வந்த ஒரு ஐயா நின்று பார்த்தார். “தம்பி, சோளகத்துக்கு இந்த மேட்டில மாடே நிக்காது” என்றார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அவருக்குப் பக்கத்திலேயே ஈச்சம்பற்றை ஒன்று தலை முழுவதும் வடகிழக்கே சாய்ந்து கிடந்தது. அதையும் நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

வைகாசியில் சோளகம் எழும்பியது. மூன்று வாரத்தில் மேட்டுக் கிரீனில் மணலே இல்லை, கீழே இருந்த கட்டாந்தரை தெரிந்தது. போகிற மூன்று குழிகளும் முகத்துக்கு நேரே காற்று. வருகிற இரண்டிலும் பந்து கிரீனில் விழுந்து நிற்காமல் வரம்பு தாண்டி ஓடியது. போகும்போது இழந்ததை வரும்போது எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கணக்கும் பிழை. மணிக்கு 16 கிலோமீற்றர் எதிர்காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தூரத்தைத் தின்னும் என்பது ஆட்டக்காரர் கணக்கு. அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால் கூடுவது அதில் பாதிதான். மணலுக்கும் டீசலுக்கும் கூலிக்கும் கொடுத்த காசு போனது. அதைவிட, ஆசையோடு வந்த பெடியள் ஆடி மாதத்தோடு வராமல் விட்டார்கள். அதுதான் பெரிய நட்டம்.

ஸ்கொட்லாந்தில் முயர்ஃபீல்ட் மைதானத்தின் படத்தை நான் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். முதல் ஒன்பது குழிகள் வெளிச்சுற்றில் வலமாகப் போகும், அடுத்த ஒன்பது உள்சுற்றில் இடமாக வரும். காற்று ஒருமுறை முகத்தில், ஒருமுறை தோளில், ஒருமுறை முதுகில். நமக்கு ஐந்து குழிதானா? சரி, ஒரு முக்கோணமாகப் போடுங்கள், அது போதும். காற்றோடு போகிற குழியில் கிரீனின் முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள், பந்து முன்னாலேயே விழுந்து உருண்டு போகட்டும். காற்றுக்கு எதிரான குழியின் தூரத்தைக் குறுக்குங்கள். பக்கக் காற்று வருகிற இடத்தில் பாதையை அகலமாக்குங்கள்.

இதற்கெல்லாம் முதல் ஒரு வருடம் பொறுத்திருங்கள். உரப்பையை நாடாவாகக் கிழித்து ஆறேழு கம்புகளில் கட்டி நடுங்கள். தையில், பங்குனியில், ஆனியில், ஐப்பசியில், காலையும் பின்னேரமும் போய்ப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

எதிர்காற்றில் ஓங்கி அடிப்பது

காற்றைக் கண்டதும் எல்லோருக்கும் கை முறுகும். ஓங்கி அடித்தால் பந்தின் பின்சுழல் கூடும். பந்தை மேலே தூக்குவதே அந்தச் சுழலும், பந்தின் தோலில் இருக்கிற சின்னச் சின்னக் குழிவுகளும்தான். எதிர்காற்றில் அந்தத் தூக்கல் இன்னும் கூடுகிறது. பந்து பட்டம் மாதிரி எழும்பி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பாதி வழியில் விழும். 46 கிராமுக்கும் குறைந்த பந்து அது, காற்றோடு மல்லுக்கட்டாது.

“அண்ணை, நான் நல்லாத்தானே அடிச்சனான்?” என்று கேட்பார்கள். நன்றாகத்தான் அடித்தாய், ஆனால் ஏழாம் நம்பர் மட்டையால். நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும். 140 மீற்றர் குழி சோளகத்தில் 165, 170 ஆகிவிடும். ஐந்தாம் நம்பரை எடு, சில நாள் நாலாம் நம்பர். பந்தை வலது காலுக்குக் கொஞ்சம் கிட்ட வை. முக்கால் வீச்சு, மெதுவாக.

காலடியில் காற்றைப் பார்ப்பது

புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது டிவியில் வருகிற பழக்கம். அது இடுப்புயரக் காற்றை மட்டும் சொல்லும். பொலி தூற்றுகிறவர் ஏன் வாங்கில் ஏறி நின்று சுளகைத் தூக்கிப் பிடிக்கிறார்? மேலேதான் காற்று இருக்கிறது, அதனால்தான். நன்றாக அடித்த பந்து இருபது, முப்பது மீற்றர் உயரம் போகும். பனையின் தலையைப் பாருங்கள். வட்டு ஓலை ஒரு பக்கம் ஒதுங்கிச் சடசடத்தால் கீழே புல் அசையாவிட்டாலும் மேலே காற்று உண்டு.

குளக்கட்டின் மறைவை நம்புவது

கட்டுக்குப் பின்னால் காற்று நிற்பதில்லை, சுழல்கிறது. அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானத்தில் 12ஆம் குழி 155 யார் தூரம்தான். மரங்களுக்கு நடுவே சுழலும் காற்றில் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களே அங்கே பந்தை ஓடைக்குள் விட்டிருக்கிறார்கள்.

மணல் பறக்காமல் கழிவெண்ணெய் ஊற்றுவது

வேண்டாம். கீழே கிணற்றுத் தண்ணீர்.

பற்றைக்குள் போன பந்தைத் தேடுவது

மிதிவெடி அகற்றிய நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு அடியும் வைக்காதீர்கள். பந்து போனால் போகட்டும்.

ஒரே டீயோடு நிற்பது

டீ என்றால் ஒரு குழிக்கு முதல் அடி அடிக்கிற இடம். சோளகத்துக்குப் போட்ட மைதானம் வாடைக்குச் சரிவராது. ஒவ்வொரு குழிக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு டீ வையுங்கள். செலவு ஒன்றுமில்லை, மண்வெட்டியால் அரைநாள் வேலை. முடிந்தால் ஆட்டத்தையே திருப்பிப் போடுங்கள். சென்ட் அன்ட்ரூஸின் பழைய மைதானத்தையே ஒரு காலத்தில் புல்லுக்கு ஓய்வு கொடுப்பதற்காகத் திசை மாற்றி விளையாடினார்கள். நம்மிடம் புல் இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசை மாறுகிற காற்று இருக்கிறது.

அந்தப் பெடியள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். இப்போது தரவையில் ஏழு கம்புகள் நிற்கின்றன. ஆனி மாதத்துக் கொப்பிப் பக்கத்தை எனக்குப் படம் பிடித்து அனுப்பினார்கள். மேட்டுக் கம்பின் நாடா மட்டும் மூன்றாம் நாளே கிழிந்து போனதாம்.