மீன் கழிவைக் கொட்ட வேண்டாம்: மாடித்தோட்டத்துக்கு மீன் அமிலம் செய்யும் முறை

கடலூரில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு மணக்கும். சாயந்திரம் அதே தெருவின் குப்பைத்தொட்டிப் பக்கம் போக முடியாது. தலை, குடல், செவுள் எல்லாவற்றையும் கவரில் கட்டிப் போட்டுவிடுகிறோம், நாய் வந்து கிழித்துவிடுகிறது. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவருக்குள் இருப்பது நல்ல தழைச்சத்து. அதை வீணாக்க எனக்கு மனசு வருவதில்லை. அதை வெல்லத்தோடு புளிக்க வைத்து வடித்தெடுக்கும் திரவ உரம்தான் மீன் அமிலம். குழம்புக்குப் போடும் கறிவேப்பிலையும் தக்காளியும் அந்த மீனின் மிச்சத்திலேயே வளரலாம்.

வேண்டியவை மூன்றே: மீன் கழிவு 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, இறுக மூடும் 4 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. இரும்புப் பாத்திரம் வேண்டாம், அரித்துவிடும்.

முதல் படி: கழிவு சேர்ப்பது

முதுநகர் துறைமுகமோ தேவனாம்பட்டினமோ, மீன் வாங்கப் போகும்போதே ஒரு தூக்கு எடுத்துப் போங்கள். வெட்டித் தரும் அக்காவிடம், "அக்கா, கழிவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இதுல போட்டுக் குடுங்க" என்று சொன்னால் போதும். மத்தி, நெத்திலி, சங்கரா எதுவானாலும் சரி. நெத்திலி வாங்கினால் வீட்டில் கிள்ளும் தலையும் குடலுமே நிறைய சேரும். வஞ்சரத் தலை மாதிரி பெரிய துண்டுகளைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். செதில் மக்க ரொம்ப நாள் ஆகும், எடுத்துவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். உப்பும் புளியும் போட்டு அலசிய பிறகு எடுத்த கழிவு வேண்டாம். உப்பு செடிக்கு ஆகாது. அலசுவதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: வெல்லம்

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கக் கருவாடே போதும். கருவாட்டில் உப்பு செய்யும் வேலையை இங்கே வெல்லம் செய்கிறது. மீனில் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, அழுக வைக்கும் கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது. கூடவே, புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவு. வெல்லம் குறைந்தால் மீன் புளிக்காது, அழுகும். நான் முதல் தடவை, வெல்லம் விலையாக இருக்கிறதே என்று பாதி அளவுதான் போட்டேன். ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தபோது புழு. அவ்வளவையும் தென்னை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. அதனால் எடைக்கு எடை, ஒரு கைப்பிடிகூடக் குறைக்க வேண்டாம்.

வெள்ளை வெளேரென்று இருக்கும் வெல்லத்தைவிடக் கருத்த நாட்டு வெல்லம் நல்லது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று சுற்றிலும் கரும்பு விளையும் ஊர் நம்முடையது, கிடைக்கச் சிரமம் இருக்காது. கடையில் உடைந்து தூளாகிப்போன வெல்லத்தைக் கேட்டால் மலிவாகவும் தருவார்கள்.

மூன்றாம் படி: கலந்து மூடுவது

வெல்லத்தைத் தட்டிப் பொடியாக்கிக் கழிவோடு நன்றாகப் பிசறுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், புளிக்கும்போது பொங்கும். மேலே ஒரு பிடி வெல்லம் தூவி, ஈ நுழையாதபடி இறுக மூடி, வெயில் படாத மூலையில் வையுங்கள். மாடியில் வைப்பதானால் மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள், பூனை விடாது.

முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, உடனே மூடுங்கள். அப்புறம் தொட வேண்டியதில்லை.

நான்காம் படி: வடிப்பது

21 நாளில் திறந்து பாருங்கள். மீன் கவிச்சி போய், பழம் கனிந்தது போன்ற இனிப்பு வாசனை வந்திருந்தால் தயார். தேன் நிறத்தில் நீர் பிரிந்து நிற்கும். கவிச்சி இன்னும் இருந்தால் கொஞ்சம் வெல்லம் சேர்த்து மேலும் 10 நாள் விடுங்கள். மழைக்காலத்தில் 40 நாள்கூட ஆகலாம். பழைய வேட்டித் துணியில் வடித்துப் பாட்டிலில் ஊற்றி வைக்கலாம். மிஞ்சும் முள்ளைத் தொட்டி மண்ணுக்கு அடியில் புதைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: செடிக்குக் கொடுப்பது

நாற்றுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 2 மில்லி, வளர்ந்த செடிக்கு 5 மில்லி. அதிகமானால் இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு, 10 நாளுக்கு ஒருமுறை இலையில் தெளிக்கலாம், வேரிலும் ஊற்றலாம். கீரை, கறிவேப்பிலை, முருங்கைக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். தக்காளி, கத்தரி பூக்கத் தொடங்கியதும் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும், காய் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கருத்திருந்தால் அன்று தெளிக்க வேண்டாம், மழை கழுவிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும், வீட்டில் கழிவும் குறையும். பங்குனியிலேயே ஒரு டப்பா போட்டு வைத்துவிட்டால், சித்திரை வெயிலில் செடிகளுக்குக் கொடுக்கக் கையில் இருக்கும்.