தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஒரு சனி ஞாயிறு: முதல்முறை கிளம்புகிறவர்களுக்குப் படிப்படியாக

தருமபுரி என்றதும் எல்லோரும் சொல்வது ஒகேனக்கல். கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழம், இல்லாவிட்டால் அணை. ஒகேனக்கல்லில் குளித்து மீன் சாப்பிட்டுவிட்டு "அவ்வளவுதான், பார்த்தாச்சு" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் (2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான்) மலைக்கோட்டை, நடுகல், ஓவியக் கூரை வைத்த கோவில், விடிய விடிய நடக்கிற கூத்து, பெரிய வாரச்சந்தை எல்லாம் இருக்கின்றன. ஒரே சிக்கல், எல்லாம் எல்லா நாளும் கிடைக்காது. அதனால் ஊரை முடிவு செய்துவிட்டு நாள் தேடாமல், கையில் கிடைத்த லீவு நாளை வைத்து ஊரை முடிவு செய்யுங்கள். கீழே சொல்லியிருப்பது முழுக்க அந்தக் கணக்கில்தான்.

படி 1: முதலில் காலண்டர், அப்புறம்தான் மேப்

நாட்காட்டியில் தமிழ் மாதத்தையும் பாருங்கள். தை பிறந்ததும் கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா தொடங்கிவிடும், மாசி தாண்டியும் நடக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி கூத்துக்கான மாதங்கள். மே முதல் ஜூலை வரை மா. கிருஷ்ணகிரியில் வருடா வருடம் மாங்கனிக் கண்காட்சி அந்த நேரத்தில்தான் நடக்கும், தோத்தாபுரி, செந்தூரா, மல்கோவா, பீத்தர் என்று ரகம் ரகமாக அடுக்கி வைத்திருப்பார்கள், குழந்தைகளோடு போக நல்ல இடம். ஆடிப் பதினெட்டு ஒகேனக்கல்லுக்கு, ஆனால் அன்று கூட்டம் பிடிக்கும் என்றால் மட்டும். மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கிய பிறகு கோட்டை ஏறலாம்.

நாள் கணக்கும் உண்டு. அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலுக்குத் தேய்பிறை அஷ்டமி அன்று போனால் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிற கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வேண்டுதல் இருக்கிறவர்கள் அன்றுதான் போக வேண்டும், நிதானமாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அன்றைக்குத் தவிர்க்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. நடுகல் பார்க்க ஆசைப்பட்டால் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தப் பக்கத்து நடுகற்களில் நல்லவற்றை அங்கேதான் கிட்டத்தில் நின்று பார்க்க முடியும். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், ஊருக்காகப் புலியோடு மோதியவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு ஆள் நிற்கிறான்.

படி 2: ஒரு நாளுக்கு ஒரு திசை

வழி சுலபம். பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் எல்லாம் ஒரே தேசிய நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கின்றன, பஸ் ராத்திரியிலும் கிடைக்கும். ரயில் என்றால் கவனியுங்கள், கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே கிடையாது. பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு வண்டி உண்டு. சென்னையிலிருந்து வந்தால் மொரப்பூரில் இறங்கிப் பஸ் ஏறுங்கள், தீர்த்தமலைக்கும் அரூருக்கும் கூட அதுதான் வசதி.

ஒகேனக்கல் மேற்கே, தீர்த்தமலை கிழக்கே, தளி, தேன்கனிக்கோட்டை வடமேற்கே. ஒரே நாளில் இரண்டு திசைக்கு ஓடினால் பஸ் ஜன்னல்தான் பார்ப்பீர்கள். ஒரு நாளுக்கு ஒரு திசை, அதில் ஒரு பெரிய இடம், வழியில் ஒரு சின்ன இடம், போதும். கோவில்கள் பெரும்பாலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கோவிலைக் காலையில் வையுங்கள்.

படி 3: ஒகேனக்கல் போவதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள்

இதைச் செய்யாமல் குடும்பத்தோடு வந்து தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் ஏராளம். காரணம் எளிது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பும், உபரியைத் திறந்து விடுவார்கள், அது பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நேராக ஒகேனக்கல்லுக்கு வரும். நம் ஊரில் ஒரு சொட்டு மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செந்நிறமாக ஓடும். அப்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை போட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிளம்புவதாக இருந்தால் முதல் நாள் ராத்திரிச் செய்தியில் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி என்று பாருங்கள், தடை இருக்கிறதா என்பதையும் அதிலேயே சொல்வார்கள். நேர்மாறாக, கடுங்கோடையில் பாறை மட்டும் தெரிகிற அளவுக்கு நீர் வற்றிவிடும். வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த வாரங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் காடு. யானை சாலையைக் கடக்கும், வண்டியை நிறுத்தி இறங்கி செல்பி எடுக்கக் கூடாது, குரங்குக்குத் தின்பண்டம் வீசவும் கூடாது. அஞ்செட்டி வழியாகவும் ஒரு சாலை இருக்கிறது, அழகான காட்டு வழி, ஆனால் புதிதாக வருகிறவர்கள் பொழுது சாய்ந்த பிறகு அதில் போகவே வேண்டாம்.

அங்கே போனதும் வரிசை இப்படி இருக்கட்டும். காலையில் சீக்கிரம் போய் முதலில் பரிசல். கவுண்டரில் சீட்டு வாங்குங்கள், இடையில் வந்து "நான் கூட்டிப் போறேன்" என்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். உயிர்காப்பு உடையைப் போட்டு வார் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள், புழுக்கமாக இருக்கிறது என்று நடுவில் அவிழ்க்காதீர்கள். பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது. பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பில் அதைத் திருப்புகிற நேர்த்தியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், போனை உள்ளே வைத்துவிட்டு.

பரிசல் ஏறும் முன்பே மீன் வேலையை முடித்துவிடுவது கெட்டிக்காரத்தனம். கடையில் மீனை வாங்கி, அங்கேயே சமைத்துக் கொடுக்கிற அக்காமார்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால் குளித்துத் திரும்பும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். மீனின் விலை தனி, சமையல் கூலி தனி, இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எண்ணெய் மசாஜும் அப்படியே. எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பழைய துணி ஒன்று தனியாக எடுத்து வாருங்கள். குளிப்பதற்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளியுங்கள், ஆற்றுக்குள் நீந்தப் போவது வேண்டவே வேண்டாம், சுழலும் உண்டு, முதலையும் உண்டு.

இன்னொன்று. இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நீங்கள் குளிக்கிற ஆறுதான் இந்த மக்கள் குடிக்கிற தண்ணீர். ஷாம்பு பாக்கெட்டையும் பாட்டிலையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.

படி 4: ஞாயிறு என்றால் போச்சம்பள்ளி

சந்தைக்கெல்லாம் டூரா என்று கேட்பவர்களை நான் கையைப் பிடித்து இழுத்துப் போவேன். போச்சம்பள்ளி வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடும். ஆடு, மாடு, நாட்டுக்கோழி, கருவாடு, புளி, மிளகாய், விதை, மண்வெட்டி, துணிமணி, நகை வரை ஏக்கர் கணக்கில் விரித்திருப்பார்கள். காலையில் போனால் ஆட்டுச் சந்தை சூடு பிடித்திருக்கும். வியாபாரம் நடக்கிற இடத்தில் குறுக்கே நின்று வீடியோ எடுக்காதீர்கள், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், சந்தோஷமாக நிற்பார்கள். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு துணிப்பை கட்டாயம். புளி வாங்காமல் வராதீர்கள்.

பசித்தால் களி தேடுங்கள். கேழ்வரகுக் களி இங்கே தினசரிச் சாப்பாடு, கீரைக் கடைசலோடும் போகும், நாட்டுக்கோழிக் குழம்போடும் போகும். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் மெல்லக் கூடாது. விரலில் கொஞ்சமாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும்.

படி 5: ஒரு ராத்திரியாவது கூத்து

என்னைக் கேட்டால் இந்த மண்ணைப் பார்க்க வந்தவர் தவறவே விடக் கூடாதது இதுதான். திரௌபதி அம்மன் கோவில் இருக்கிற ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து, பல ஊர்களில் பதினெட்டு நாள். எங்கே நடக்கிறது என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பஸ் நிலையத்துச் சுவர் நோட்டீஸ், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இந்த மூன்று இடத்தில் கேளுங்கள். "பாரதம் எந்த ஊர்ல நடக்குதுங்க, இன்னைக்கு என்ன கூத்து?" என்று கேட்டால் போதும், வழியும் சொல்வார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்குத் திரௌபதி கல்யாணம், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் இந்த மூன்றில் ஒன்று அமைந்தால் நல்லது. கதை தெரிந்திருப்பதால் பாட்டின் சொல் பிடிபடாவிட்டாலும் ஆட்டம் பிடிபடும். அர்ச்சுனன் தபசில் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே ஈரத்துணியோடு இருப்பார்கள். அங்கே அது வேடிக்கை இல்லை, வேண்டுதல். கேமராவை அவர்கள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டாம். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் மல்லாக்கப் படுத்த துரியோதனனை ஆள் நடக்கிற அளவுக்குப் பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள், வேடம் கட்டியவர்கள் அதன் மேலேயே சுற்றிவந்து ஆடுவார்கள். திரௌபதி கூந்தல் முடிந்ததும் மாலையில் தீமிதி.

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கட்டியக்காரன் (கூத்தைத் தொடங்கி வைக்கிற கோமாளி) வருவான், ஆகவே மாலையிலேயே கொஞ்சம் தூங்கிவிடுங்கள். பாய், துப்பட்டி, தண்ணீர், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தளமும் முகவீணையும் (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகுழல்) இருக்கிற பக்கமாக உட்கார்ந்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும். நடுவில் கூத்துக்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் பணம் கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்வார்கள், நீங்களும் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் "இப்ப வர்றது யாருங்க ஐயா?" என்று ஒரு முறை கேட்டால், அப்புறம் விடிகிற வரை அவரே உங்களுக்குக் கதை சொல்வார்.

படி 6: ஏற ஆசை இருக்கிறவர்களுக்கு

ராயக்கோட்டை மலைக்கோட்டை. 1791இல் மைசூர்ப் போரின்போது திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. நிழல் குறைவு, கடையும் இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு வெயில் ஏறும் முன் ஏறி இறங்கிவிடுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். தீர்த்தமலையும் காலை வேலைதான், மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது, பையைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

படி 7: இதையெல்லாம் கோர்ப்பது எப்படி

வெயில் காலத்துச் சனி ஞாயிறு ஒன்றுக்குச் சொல்கிறேன். சனிக்கிழமை விடிகாலை தருமபுரியில் இறங்குங்கள். கோட்டைக் கோவில் முதலில். மல்லிகார்ஜுனேஸ்வரர் சன்னதி மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கிற தூணையும், கல்யாண காமாட்சி சன்னதி அடிப்பகுதியில் வரிசையாகச் செதுக்கிய ராமாயணத்தையும் குனிந்து பாருங்கள். அங்கிருந்து அதியமான்கோட்டை, டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். காலபைரவரைப் பார்த்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் சென்றாயப் பெருமாள் கோவிலுக்கும் போய் மண்டபக் கூரையில் இருக்கிற பழைய ஓவியங்களை அண்ணாந்து பாருங்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர் இதுதான் என்பதைப் பிள்ளைகளிடம் அங்கே வைத்துச் சொன்னால் நன்றாக மனதில் நிற்கும். மதியம் அறையில் தூக்கம். ராத்திரி கூத்து.

ஞாயிறு காலை கண் எரியும், பரவாயில்லை, பஸ்ஸில் தூங்கிக்கொள்ளலாம். காவேரிப்பட்டினத்தில் இறங்கி நிப்பட்டு (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பலகாரம்) வாங்கிக்கொண்டு போச்சம்பள்ளி பஸ் பிடியுங்கள். சந்தை முடித்து, களி சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிருஷ்ணகிரி அணை. பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இருட்டுவதற்குள் கிருஷ்ணகிரி பஸ் நிலையம் வந்துவிடுங்கள், ஞாயிறு மாலை பெங்களூரு, சென்னை பஸ்களில் நிற்கக் கூட இடம் கிடைக்காது, வரும்போதே திரும்புகிற சீட்டை முன்பதிவு செய்துவிடுவது நல்லது. மாம்பழக் காலமாக இருந்தால் பெட்டியை அங்கேயே வாங்கலாம், நாளைக்குச் சாப்பிட ஒரு பாதி, வைத்துப் பழுக்க ஒரு பாதி என்று கேட்டு வாங்குங்கள்.