மெல்போர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: செப்டம்பர் வந்தால் ஃபுட்டி ஃபைனல்ஸ்

மெல்போர்ன் வந்து இறங்கியதும் வீடு பார்ப்பது, பேங்க் கணக்கு, வரி எண், மைக்கி கார்டு, எந்தக் கடையில் நல்ல பொன்னி அரிசி கிடைக்கும் என்பதெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். செப்டம்பர் பிறந்தால் இந்த ஊர் எப்படி மாறும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. திங்கட்கிழமை காலை ஆஃபீஸில் எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசுவார்கள், ரயிலில் பாதிப் பேர் கழுத்தில் கோடு போட்ட மப்ளர் இருக்கும், பிள்ளையின் பள்ளியிலிருந்து ‘ஃபுட்டி கலர்ஸ் டே’ என்று ஒரு சீட்டு வரும், மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாநிலத்துக்கே லீவு என்பார்கள். எல்லாம் ஏஎஃப்எல் என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் ஃபைனல்ஸுக்காகத்தான்.

நான் வந்தது 2016 ஆகஸ்டில். முருகன் கோயில் பக்கம் என்பதற்காகவே சன்ஷைனில் வீடு எடுத்தேன். அந்தப் பக்கம் முழுக்க வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் ஆட்கள் என்பது அப்போது தெரியாது. அந்த வருடம் புல்டாக்ஸ் புள்ளிப் பட்டியலில் ஏழாவது. ஏழாவதாக வந்த அணி கோப்பை வரைக்கும் போகும் என்று ஆஃபீஸில் ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் வாரம் பெர்த்துக்குப் போய் வெஸ்ட் கோஸ்டை அடித்தார்கள். அடுத்த வாரம் ஹாதார்ன். அதற்கடுத்த வாரம் சிட்னிக்குப் போய் ஜிடபிள்யூஎஸ் அணியை ஆறே புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். வாரத்துக்கு வாரம் எங்கள் தெருவில் சிவப்பு, வெள்ளை, நீலத் துணிகள் கூடிக்கொண்டே போயின. அதுவரை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுப் பெரியவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டு, 1954இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து தான் பார்த்த கிராண்ட் ஃபைனலை, அதாவது கோப்பைக்கான கடைசி ஆட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். அதுவரை அந்த அணி ஜெயித்த ஒரே கோப்பை அதுதான், அதற்கப்புறம் 62 வருடம் காத்திருப்புதான்.

அக்டோபர் 1, சனிக்கிழமை, அவர் வீட்டு டிவியில் கிராண்ட் ஃபைனல் பார்த்தேன். சிட்னியை 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். முழங்கால் அடிபட்டு அந்த சீசனின் பெரும்பகுதியை இழந்த கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்குக் கூப்பிட்டு, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பெரியவர் ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஃபுட்ஸ்கிரேயில் உள்ள விட்டன் ஓவலுக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார், கோப்பையோடு வீரர்கள் அங்கே வந்தார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தத் தெருவில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்டம் பிடிக்கிறதோ இல்லையோ, முதல் செப்டம்பரிலேயே இதற்குள் காலை வைத்துவிடுங்கள், இந்த ஊரில் ஆட்களைப் பழகிக்கொள்ள இதைவிட லேசான வழியை நான் பார்த்ததில்லை.

முதலில் ஆட்டம். ஃபுட்டி என்றால் நம் ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானத்தில் ஆடுவது, பக்கத்துக்கு 18 பேர், கையாலும் பந்தைப் பிடிக்கலாம், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. கோல் அம்பயர் இரண்டு கொடியை வீசினால் ஆறு, ஒரு கொடி என்றால் ஒன்று. பேப்பரில் 18.14 (122) என்று போட்டிருந்தால் 18 கோல், 14 பிஹைண்ட், மொத்தம் 122 என்று படிக்க வேண்டும். பந்தை வைத்திருப்பவரை எதிரணி மடக்கிப் பிடித்ததும் மைதானமே ஒரே குரலில் ‘பால்!’ என்று கத்தும். பந்தை விடாமல் வைத்திருந்தான், எங்களுக்கு ஃப்ரீ கிக் கொடு என்று அம்பயரிடம் கேட்கிறார்கள். மற்ற விதியெல்லாம் பார்க்கப் பார்க்கப் பிடிபடும்.

அடுத்தது ஃபைனல்ஸ் எப்படி நடக்கிறது என்பது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குவாலிஃபையர் ஒன்றில் தோற்ற அணிக்கு இன்னொரு ஆட்டம் உண்டு, எலிமினேட்டரில் தோற்றால் வீட்டுக்கு, இல்லையா? அந்த முறையே இங்கிருந்து போனதுதான், 1931இல் அன்றைய விக்டோரியக் கால்பந்து லீக்கில் முதலில் கொண்டுவந்தார்கள். இப்போது அதைப் பெரிதாக்கி எட்டு அணிக்கு வைத்திருக்கிறார்கள், 2000 முதல் இந்த வடிவம்தான்.

18 அணிகளும் ஆளுக்கு 23 ஆட்டம் ஆடி ஆகஸ்டில் பட்டியல் முடியும். வெற்றிக்கு 4 புள்ளி, டிராவுக்கு 2, சமமாக நின்றால் ‘பெர்சென்டேஜ்’ பார்ப்பார்கள், அது நம் நெட் ரன் ரேட் மாதிரி. ஃபைனல்ஸ் முதல் வாரத்தில் 1ஆம் அணியும் 4ஆம் அணியும், 2ஆம் அணியும் 3ஆம் அணியும் மோதும். ஜெயித்த இரண்டும் ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கொண்டு நேராக மூன்றாம் வார ‘பிரிலிம்’ ஆட்டத்துக்கு, நம் கணக்கில் அரையிறுதிக்குப் போகும். தோற்றவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் இன்னொரு வாய்ப்பு. 5க்கும் 8க்கும், 6க்கும் 7க்கும் நடப்பது எலிமினேஷன், தோற்றால் சீசன் முடிந்தது. மேல் இடத்துக்காரர் தன் ஊரில் ஆடுவார். நான்காவது வாரம் கிராண்ட் ஃபைனல். 2026 முதல் இதற்கு முன்னால் ‘வைல்ட்கார்டு’ என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள், 7-10, 8-9 அணிகள் மோதி, ஜெயிப்பவர்கள்தான் எட்டுக்குள் வருவார்கள். ஏழாவதாக வந்ததற்கு ஒரு மதிப்பு இருந்தது, அதைக் குறைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இரண்டாவது வாய்ப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2025ஐப் பாருங்கள். முதல் வாரம் பிரிஸ்பேன், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜியில் ஜீலாங்கிடம் தோற்றது. அடுத்து கோல்ட் கோஸ்டை ஜெயித்து, காலிங்வுட்டை ஜெயித்து, கிராண்ட் ஃபைனலில் அதே ஜீலாங்கை 47 புள்ளி வித்தியாசத்தில் அடித்துக் கோப்பையை எடுத்தது. மேலே சொன்ன 18.14 (122) அன்றைக்கு பிரிஸ்பேன் எடுத்ததுதான். அதே வருடம் பட்டியலில் முதலிடம் பிடித்த அடிலெய்டு சொந்த ஊரிலேயே அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்று வெளியே போனது. இதைத்தான் ‘ஸ்ட்ரெய்ட் செட்ஸ்’ என்பார்கள், அந்த வார்த்தை காதில் விழுந்தால் டென்னிஸ் என்று நினைக்க வேண்டாம்.

டிக்கெட் விஷயத்தில் ஜாக்கிரதை. கிராண்ட் ஃபைனல் நடக்கும் எம்சிஜியில் 1 லட்சம் பேர் உட்காரலாம், 2059 வரை அங்கேதான் என்று ஒப்பந்தமே இருக்கிறது. இருந்தாலும் மைதான உறுப்பினர்கள், ஏஎஃப்எல் உறுப்பினர்கள், ஆடும் இரண்டு கிளப்புகளின் உறுப்பினர்கள் என்று போன பிறகு பொதுமக்களுக்கு மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். சமூக வலைத்தளத்தில் யாராவது ‘எனக்குப் போக முடியவில்லை, வாங்கிக்கொள்கிறீர்களா’ என்று கேட்டால் பணம் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, படிக்க வந்த பையன், இரண்டு வார சம்பளத்தை இப்படி அனுப்பிவிட்டு வாசலில் போய் நின்றான், அந்த பார்கோடில் ஏற்கனவே வேறு யாரோ உள்ளே போயிருந்தார்கள். விக்டோரியாவில் கிராண்ட் ஃபைனல் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி விற்பது சட்டப்படி குற்றம், அதனால் விலையைக் கேட்டாலே ஆள் எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும்.

என் யோசனை, கிராண்ட் ஃபைனலை டிவியில் பாருங்கள், சேனல் 7இல் இலவசமாகவே வரும். மைதானத்துக்குப் போவது முதல் வாரமோ இரண்டாம் வாரமோ இருக்கட்டும். மெல்போர்ன் நகரத்து அணிகளில் ஏதாவது ஒன்று ஆடும் ஆட்டமாகப் பார்த்து, விற்பனை தொடங்கிய நாளன்றே மேல் அடுக்கில் ஒரு சீட் எடுத்துவிடலாம். ரிச்மண்ட் ஸ்டேஷனிலோ ஜோலிமாண்ட்டிலோ இறங்கிக் கூட்டத்தோடு நடந்தாலே மைதானம் வந்துவிடும், வழி கேட்க வேண்டியதில்லை. இரண்டு அணி ஆட்களும் கலந்துதான் உட்காருவார்கள், தனித்தனிப் பகுதி கிடையாது. அடுத்த சீட்டில் எதிரணி மப்ளர் போட்ட பாட்டி ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டே, ஏன் விசில் ஊதினார் என்று உங்களுக்கு விளக்குவார். எனக்கு ‘ஹோல்டிங் த பால்’ விதி புரிந்தது அப்படி ஒரு பாட்டியால்தான். இரவு ஆட்டம் என்றால் குளிர் எலும்பைத் தொடும், தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் வேண்டும். சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடி பாட்டிலும் மதுவும் கூடாது. புரட்டாசியில் கவுச்சி தொடாதவர்களுக்கு இது முக்கியம், அங்கே எல்லோர் கையிலும் இருப்பது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘மீட் பை’தான். நான் புளியோதரை எடுத்துப் போவேன், இடைவேளையில் டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் என்னவென்று கட்டாயம் கேட்பார்.

ஒரு வார்த்தைக்கு மட்டும் எச்சரிக்கை. அமெரிக்கா போய்விட்டு வந்தவர்கள் பழக்கத்தில் ‘எந்த டீமுக்கு ரூட் பண்ணுகிறீர்கள்’ என்று கேட்டுவிடுவார்கள். இங்கே அந்த வார்த்தைக்குக் கொச்சையான அர்த்தம். ‘யாருக்கு பேரக் (barrack) பண்ணுகிறீர்கள்’ என்று கேளுங்கள்.

முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை லீவு 2015 முதல் விக்டோரியாவில் பொது விடுமுறை. கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய நாள், அதனால் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். கடை, கிடங்கு, முதியோர் இல்லம் என்று ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் அன்றைக்கு வேலை செய்தால் பொது விடுமுறைச் சம்பளம் வர வேண்டும், பே ஸ்லிப்பைப் பார்த்துவிடுங்கள், புதிதாக வந்தவர்கள் கேட்கத் தயங்கி விட்டுவிடுகிறார்கள். லீவு இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கு நடக்கும் கிராண்ட் ஃபைனல் ஊர்வலத்துக்குப் போகலாம், இரண்டு அணி வீரர்களும் வருவார்கள். எம்சிஜியை ஒட்டிய யாரா பார்க்கில் அந்த வாரம் திருவிழா மாதிரி நடக்கும், அதற்கும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

பிள்ளை பள்ளியில் இருந்தால் மூன்றாம் டெர்ம் கடைசியில் வரும் கலர்ஸ் டே சீட்டைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் தங்கள் அணியின் நிறத்தில் வருவார்கள். என் மகள் முதல் வருடம் பள்ளிச் சீருடையிலேயே போய்விட்டு வந்து, ‘அப்பா, நம்ம டீம் எது?’ என்று கேட்டாள். விலை கொடுத்து ஜெர்சி வாங்க வேண்டும் என்றில்லை, அந்த நிறத்தில் ஒரு சட்டையும் தலையில் ஒரு ரிப்பனும் போதும். விளையாட ஆசைப்பட்டால் தொடக்கப் பள்ளி வயதுக்கு ஆஸ்கிக் என்று பயிற்சி உண்டு, பெண் பிள்ளைகளும் நிறையச் சேர்கிறார்கள்.

ஆஃபீஸில் ‘டிப்பிங்’ என்று வாரா வாரம் யார் ஜெயிப்பார் என்று எழுதும் போட்டி நடக்கும், அதில் சேருங்கள், பேச்சுக்கு அது நல்ல தொடக்கம். டிவியில் ஓயாமல் வரும் பந்தய ஆப் விளம்பரம் வேறு விஷயம், அதன் பக்கம் போகாதீர்கள். படிக்க வந்த பிள்ளைகள் ஃபீஸ் பணத்தை அதில் விட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எந்த அணி என்று கேட்டால், குடியிருக்கும் பகுதியின் அணி என்பதே என் பதில். மேற்கே என்றால் புல்டாக்ஸ், மூரபின் பக்கம் செயின்ட் கில்டா, ஜீலாங்கில் வேலை கிடைத்தவர்களுக்கு வேறு கேள்வியே இல்லை. இந்த வருடம் ஜெயிக்கும் அணியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். தோற்கும் அணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் மரியாதை.

கிராண்ட் ஃபைனல் வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மதியம் 2.30க்கு. நமக்கு அது புரட்டாசிச் சனி. காலையில் கேரம் டவுன்ஸ் கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தாலும் நேரம் இருக்கிறது. பக்கத்து வீட்டிலோ ஆஃபீஸ் நண்பர் வீட்டிலோ பார்பெக்யூவுக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். ‘ஒரு பிளேட் கொண்டுவாருங்கள்’ என்றால் வெறும் தட்டு இல்லை, பங்குக்கு ஏதாவது பலகாரம் செய்துகொண்டு வாருங்கள் என்று அர்த்தம். மசால் வடை சுட்டுப் போங்கள், ஐம்பதுக்குக் குறையாமல், முதல் குவார்ட்டர் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.