பிளஸ் 2 கணிதத்தில் தவறினால்: துணைத் தேர்வும் பாலிடெக்னிக்கும்

கணிதம் ஒன்றில் மட்டும் தவறினாலும் பிளஸ் 2 தேர்ச்சி கிடையாது. பி.இ. மட்டுமல்ல, தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழில் சேரவும் முடியாது. அதனால் "கணக்கே வேண்டாம், ஆர்ட்ஸ் போறேன்" என்கிற பிள்ளையும் இந்தத் தாளைத் தேறித்தான் ஆக வேண்டும். தேறாமலேயே திறக்கும் வழி, 10-ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேரும் பாலிடெக்னிக் டிப்ளமோவும் ஐடிஐயும். துணைத் தேர்வா (தவறிய தாளை மறுபடி எழுதுவது), பாலிடெக்னிக்கா என்று யோசித்துக்கொண்டே இரண்டின் கடைசி நாளையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. முடிவு வந்த வாரமே இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

முதலில் மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் 25 வேண்டும். அக மதிப்பீட்டில் முழு 10 இருந்தாலும் எழுத்தில் 24 என்றால் தோல்விதான். ஓரிரு மதிப்பெண்ணில் போயிருந்தால் விடைத்தாள் நகல் கேளுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். அந்த முடிவை நம்பித் துணைத் தேர்வுக் கட்டணத்தைக் கட்டாமல் இருக்காதீர்கள். படித்த பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். தனித்தேர்வர்களுக்கு அரசுத் தேர்வுகள் சேவை மையம். நாள் தவறினால் தட்கல் உண்டு, கட்டணம் கூடும்.

25 எடுக்க 12 பாடத்தையும் புரட்ட வேண்டாம். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண்ணில் 10-க்கு 7, மூன்று மதிப்பெண்ணில் 10-க்கு 7, ஐந்து மதிப்பெண் 7 (ஒவ்வொன்றிலும் இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்). 30-ஆவது, 40-ஆவது கேள்விகள் கட்டாயம். புத்தகப் பயிற்சிகளின் ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பிறகு அணிகள், கலப்பெண்கள், தனிநிலைக் கணிதம் என்ற மூன்றையும் முழுதாகப் பிடியுங்கள். நேர்மாறு அணியில் இணைக்காரணிகளைக் கண்டபின் நிரை நிரல் மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கிடைத்ததை மூல அணியோடு பெருக்கிப் பாருங்கள், அலகு அணி வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. கிராமர் விதியில் அணிக்கோவை பூச்சியமானால் அந்த முறையே செல்லாது. காஸ்ஸியன் நீக்கலில் எந்த நிரையிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள், கடைசி விடை தப்பினாலும் படிக்கு மதிப்பெண் விழும். மெய்மை அட்டவணையில் மூன்று கூற்று என்றால் 8 நிரை. 'எனில்' தொடர் பொய்யாவது, முதல் கூற்று மெய்யாகவும் இரண்டாவது பொய்யாகவும் இருக்கும்போது மட்டும்தான்.

தேறினாலே பி.இ. இடம் உறுதி என்று நினைக்க வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். கணிதம் 35, மற்ற இரண்டும் தலா 40 என்றால் கூட்டுத்தொகை 115. 120 இல்லாததால் தகுதியே கிடையாது. துணைத் தேர்வில் தேறியவர்களுக்குத் தனியாகத் துணைக் கலந்தாய்வு நடக்கும். பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளில் முக்கியச் சுற்றுகள் போக மிஞ்சிய இடம் இருந்தால்தான் உண்டு.

இங்கேதான் டிப்ளமோ கைகொடுக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரி மாவட்டத்திலும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. மூன்று ஆண்டு முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், மொத்தம் 6 ஆண்டு. கணிதம், இயற்பியல், வேதியியலோடு பிளஸ் 2 தேறிவிட்டால் டிப்ளமோவிலேயே இரண்டாம் ஆண்டில் நுழையலாம், அப்போது 5 ஆண்டு. நேராக பி.இ. போவதைவிட ஒன்றுதான் அதிகம். 35-ஐ ஒட்டி நிற்கிறவர்களுக்கு இந்த ஓர் ஆண்டு நல்லது என்பது எங்கள் கருத்து. பாலிடெக்னிக்கிலும் முதலாண்டில் கணிதம் வரும், ஆனால் பட்டறையோடு சேர்ந்து மெதுவாக வரும். ஓசூர் ஆலைகளில் டிப்ளமோவுக்கு வேலையும் உண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியை இந்த நிலையில் பரிந்துரைக்க மாட்டோம். ஏற்கெனவே தேறிய பாடங்களில் இரண்டைத்தான் ஏற்பார்கள், ஐந்தில் மீதி மூன்றை மறுபடி எழுத வேண்டும். ஒரு தாளுக்காக மூன்று தாள். 10, பிளஸ் 2 இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்குவதும் அரசு வேலையில் முட்டுக்கட்டை.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் டிப்ளமோ, ஐடிஐ சேர்ந்தாலும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம்.

பாலிடெக்னிக்கில் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் அசல்களைக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஐந்து செட் நகல் எடுத்து வையுங்கள். துணைத் தேர்வு முடிவு வந்து வேறு கல்லூரிக்குப் போவதானால் அசலைத் திரும்பப் பெறும் முறையையும், கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.