பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர் ஆயில் மாற்றும்போது அவசரம் வேண்டாம்

2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் மெஷின் வைத்து ஃப்ளஷ் (பழைய ஆயில் முழுவதையும் ஒரேயடியாக வெளியே தள்ளுவது) செய்ய வேண்டாம். ஆயிலை இறக்கி, இறங்கிய அளவை மட்டும் ஊற்றுவதே பாதுகாப்பு.

முதலில் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். கறுத்து, தீய்ந்த வாடையும் வந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கலாம். கியர் ஏற்கெனவே வழுக்கினால் புது ஆயில் அதைக் குணமாக்காது.

வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். இந்த வரிசை மாறினால் ஆயில் இல்லாத வண்டியோடு மாட்டிக்கொள்வீர்கள்.

பல வண்டிகளில் 3 முதல் 4 லிட்டர்தான் இறங்கும். மீதியில் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) தங்கும். இறங்கியதை அளவுக்குடுவையில் அளந்துவையுங்கள். ஆயில் தேங்கும் அடித்தட்டின் (பேன்) காந்தத்தில் மை போன்ற சாம்பல் குழம்பு இயல்பு. விரலில் உறுத்தும் உலோகச் சில்லு இயல்பல்ல.

வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முடுக்குங்கள். ஆயில் ரகமும் கையேட்டின்படியே. சிவிடி (பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் கொண்ட ஆட்டோமேட்டிக்) வண்டிக்குச் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கூடாது. அளந்த அளவையே ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி வைத்து, கையேடு சொல்லும் வெப்பநிலையில் ஆயில் மட்டம் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னும் இரண்டு முறை இதையே செய்தால் பழைய ஆயிலில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.