ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்காதீர்கள்

ராத்திரியில் எலக்ட்ரிக் கிட்டார் பதிவு செய்யணும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று வால்வு ஆம்பின் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு வாசித்துவிடாதீர்கள். சுமையே இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி, சுருள் கருகிப்போகலாம். வால்வு போனால் மாற்றிக்கொள்ளலாம், டிரான்ஸ்பார்மர் போனால் பர்ஸ் காலி.

ஸ்பீக்கருக்குப் பதில் ரியாக்டிவ் லோட் பாக்ஸை, அதாவது ஸ்பீக்கர் மாதிரியே சுமை கொடுத்து, சத்தமில்லாமல் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டியை மாட்டுங்கள். ஆம்பில் 8 ஓம் என்றால் பாக்ஸும் 8 ஓம். தாங்கும் வாட் தாராளமாக இருக்கட்டும். 15 வாட் ஆம்பை முழுக்கத் திருகினால் 15-ஐத் தாண்டும். பாக்ஸின் லைன் அவுட்டை ஆடியோ இன்டர்பேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி) கொடுத்து, கணினியில் கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்துவைத்த கோப்பு) சேருங்கள். அது இல்லாத டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகர ஒலி) தேனீக்கூட்டில் கைவிட்ட மாதிரிதான்!

அறை அமைதியாக இருந்தாலும் வால்வுகள் முழுசாகத்தான் உழைக்கின்றன, தேய்மானம் குறையாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மூடியைத் திறக்கிற வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.