வகுப்புச் சிநேகிதர் தேடி எடுக்கும்படி ஒரு நாவலைப் பரிந்துரைக்க

பரிந்துரைக் குறிப்புக்குக் கொப்பி ஒற்றையில் பாதி போதும். 40 சொல்லுக்கு மேல் போனால் வாசிக்க ஆள் இராது. "நல்ல கதை, கட்டாயம் வாசியுங்கோ" என்பது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். அதனால் ஒன்றுக்கும் உதவாது. ஆள், இடம், சிக்கல் மூன்றையும் எழுதுங்கள். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ என்றால் நெடுந்தீவு மீனவரிலிருந்து தொடங்கலாம். தீவுப்பக்கப் பிள்ளைகள் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள். யாருக்குப் பிடிக்காது என்றும் ஒரு வரி வேண்டும். பலர் விடுவது இதைத்தான், நம்பிக்கை வருவதும் இதனால்தான்.

முதல் கால்பங்குக் கதையைத் தாண்டிச் சொல்லாதீர்கள். வகுப்பில் பேசுவதென்றால் ஒரு பந்தியை உரத்து வாசித்து, சண்டையோ கடிதமோ முடியமுன் நிறுத்துங்கள். அந்தப் பந்தியைக் குறிக்கும்போது அத்தியாயத்தையும் எழுதுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? பாடசாலை நூலகம், யாழ்ப்பாணப் பொது நூலகம், ஈழத்து நூல்களை இணையத்தில் வாசிக்கத் தரும் ‘நூலகம்’ தளம் மூன்றிலும் முதலே பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆர்வம் ஒரு கிழமைகூடத் தாங்காது. ஒரே பிரதிதான் இருக்கிறதென்றால் பின்மட்டைக்குள் பெயர்ப்பட்டியல் ஒட்டி, ஆளுக்கு 10 நாள் கொடுங்கள்.